ஃபிரிட்ஜ்காரர் ஊர் திரும்பின கதை

சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு ஃபிரிட்ஜ்காரர் என்று பெயர். உண்மையில் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் எதையும் பழுது பார்த்ததில்லை. கடல் தாண்டிப் போன நாட்டில், மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கதவைத் திறந்து மூடியே பதினாலு வருஷத்தை ஓட்டிவிட்டார். இதை அவர் எத்தனை விதமாக விளக்கினாலும் சொந்தபந்தங்களின் மண்டையில் ஏறியது ஒன்றுதான்: வெளிநாடு என்றால் குளிர், குளிர் என்றால் இவர்.

அந்தப் பதினாலு வருஷமும் அவரை ஊருக்கு வந்துவிடச் சொல்லாத ஆள் இல்லை. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வார். "போதும்டா சம்பாதிச்சது. வந்து சேரு. மாடி ரூம் உனக்காகத்தான் கிடக்குது" என்பார். மனைவியின் தங்கச்சி புருஷன், அதாவது சகலை, ஒரு ஃபர்னிச்சர் கடை வைத்திருந்தார். "நீங்க மட்டும் இங்க வந்துட்டீங்கன்னா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயோ போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கே போவது என்பதை மட்டும் சொன்னதில்லை.

கூப்பிடாத ஒரே ஆள் அவருடைய அக்கா. மலை மேலே ஒரு சின்ன டவுனில், ஹோட்டல் துணிகளை வாங்கித் துவைத்துக் கொடுக்கிற லாண்டரி நடத்துகிறவள். ஃபோனில் பேசினால், "நல்லா இருக்கியா? சரி, வச்சிடவா?" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவருடைய கம்பெனி கிடங்குகளை இன்னொரு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டது. புதுக் கம்பெனிக்கு இளவட்டங்கள் வேண்டுமாம். மேனேஜர் ஃபிரிட்ஜ்காரரின் கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பி வைத்தார். அவர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி கலங்கவில்லை.

"நல்லதாப் போச்சு. எத்தனை பேர் நம்மள கூப்பிட்டுட்டே இருக்காங்க. ஆனா ஃபோன்ல சொல்லாதீங்க, சப்புனு போயிடும். லீவுல வர்றோம்னே இருக்கட்டும். நேர்ல போய்ச் சொல்லணும். அப்ப அவங்க முகத்தைப் பாக்கணும்."

இப்படித்தான் நடுக்குளிர்காலத்தில் அந்தப் பயணம் ஆரம்பித்தது. துறைமுக நகரத்தில் இறங்கி, பழைய கூட்டாளி ஒருவர் மூலம் ஒரு பழைய காரை வாங்கினார்கள். அதில் எல்லாம் வேலை செய்தது, ஹீட்டரைத் தவிர.

"நீங்க மெக்கானிக்தானே?" என்றாள் மனைவி.

"குளிர வைக்கச் சொல்லு, வைக்கிறேன். சூடாக்கறது வேற டிபார்ட்மெண்ட்."

மனைவி ஜன்னல் இடுக்கில் ஒரு துண்டைத் திணித்தாள். பின்சீட்டில் பதினாறு வயது மகள், இருக்கிற கோட்டையெல்லாம் போர்த்திக்கொண்டு ஒரு மூட்டையைப் போல உட்கார்ந்திருந்தாள். வெயில் நாட்டிலேயே வளர்ந்தவள். புல் மேல் உறைந்திருந்த பனியைப் பார்த்து, யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றாள்.

முதலில் அண்ணன் வீடு. கேட்டுக்கு வெளியே நின்றே கட்டிப்பிடித்துக்கொண்டார் அண்ணன். அண்ணி கல்யாணத்துக்குச் சமைக்கிற மாதிரி சமைத்திருந்தாள். எல்லாரும் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் அண்ணன் கேட்டார்.

"அப்புறம், எப்ப ரிட்டர்ன்?"

ஃபிரிட்ஜ்காரர் மனைவியைப் பார்த்தார். சொல்லுங்க என்று அவள் கண் காட்டினாள். "அது வந்துண்ணே..." என்று ஆரம்பிக்கிறபோது, மாடிப்படியில் ஒரு ஆள் தோளில் துண்டோடு இறங்கி வந்து அண்ணியிடம் வெந்நீர் கேட்டான்.

"யாருண்ணே இது?"

"பேங்க்ல வேலை பாக்கறாரு. மாடி சும்மாதானே கிடக்குதுன்னு வாடகைக்கு விட்டோம். ஒரு ஆறேழு வருஷமா இருக்காரு."

பேங்க்காரர் மரியாதையாகக் கும்பிட்டார். "நீங்கதான் ஃபிரிட்ஜ் சாரா? உங்க ரூம்ல அந்த மேற்கு ஜன்னல் சரியா மூட மாட்டேங்குது சார். கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

"நீ இருக்கப்போறது என்ன, நாலு நாள். ஹால்லயே ஜம்முனு படுத்துக்கலாம்" என்றார் அண்ணன். "குளிர் ஒண்ணும் உனக்குப் புதுசில்லையே."

அன்றைக்கு மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மெல்லிய போர்வை கிடைத்தது. அண்ணனும் அண்ணியும் கம்பளி மேல் கம்பளியாகப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள். காலையில், "தூக்கமெல்லாம் எப்படி? உங்களுக்கு இது ஒரு குளிரா" என்று அண்ணி கேட்டபோது ஃபிரிட்ஜ்காரரின் பல் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "இல்ல அண்ணி, இதமா இருந்துது" என்றார்.

இரண்டு நாளில் அவர் பல தடவை வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் முந்திக்கொண்டார். இங்கே வேலையே இல்லை, படித்தவனே தெருவில் நிற்கிறான், வெளியே இருக்கிறவன்தான் புத்திசாலி, நல்லவேளை நீ வந்து மாட்டிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அதே அண்ணன் கார் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, கண் கலங்க, "எப்பதான்டா நிரந்தரமா வரப்போறே?" என்று கேட்டார். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. அதுதான் ஃபிரிட்ஜ்காரருக்குப் புரியாமல் போனது. "பாக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஊர் எல்லை தாண்டியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "நாக்கு என்ன மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சா? கூடப் பிறந்த அண்ணன்கிட்ட சொல்ல என்ன வெக்கம்? என் தங்கச்சி வீட்டுல நான் சொல்றேன். படியேறும்போதே சொல்றேன், பாருங்க."

தங்கச்சி வீடு சகலையின் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போது மனைவி சொல்லவில்லை, மூச்சு வாங்கியது. மேலே போனால், தங்கச்சி அக்காவின் கையைப் பிடித்து நேராகக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிறுத்தினாள். இத்தனை வருஷமாக அக்கா அனுப்பிய சென்ட் பாட்டில், கைப்பை, டீ செட்டு எல்லாம் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் வரிசையாக இருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் அதற்காகவே வந்து காத்திருந்தார்கள்.

"எங்க அக்கா. சொல்லியிருக்கேன்ல."

ஒரு பெண் கேட்டாள்: "எவ்வளவு நாள் இருப்பீங்க?"

மனைவி அலமாரியைப் பார்த்தாள். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். "லீவுலதான் வந்திருக்கோம். சீக்கிரம் கிளம்பணும்" என்றாள். சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ்காரர் அண்ணாந்து மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

அவருக்கும் ஒன்று காத்திருந்தது. சகலை அவரைக் கீழே கடைக்குக் கூட்டிப்போனார். சோபாக்களும் கட்டில்களும் தூசி படியாமல் உறை போட்டு நின்றன. ஒரு ஈ காக்காய் இல்லை. சகலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"நான் ஒண்ணு கேட்பேன், மறுக்கக் கூடாது. உங்க கம்பெனில எனக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க. சூப்பர்வைசர் மாதிரி. இல்ல, பெட்டி தூக்கறதுன்னாலும் சரி. இவகிட்ட இன்னும் சொல்லல."

சேர்ந்து எங்கயோ போகலாம் என்று அத்தனை வருஷம் கூப்பிட்டவர், இப்போது தனியாகப் போனாலும் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தார். ஃபிரிட்ஜ்காரர் ஒரு சோபாவில் உட்கார்ந்தார். உறை சரசரவென்று சத்தம் போட்டது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் சகலையின் முகத்தைப் பார்த்ததும், "கேட்டுப் பாக்கறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அண்ணன் வீட்டில் அவர் உண்மையைத்தான் விழுங்கினார். இங்கே பொய்யும் சொல்லியாயிற்று.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டில்தான் உடைந்தது. தங்கச்சி, ஃபிரிட்ஜ்காரரின் மகளுக்குப் பரிமாறிக்கொண்டே, "உனக்கு எப்ப கண்ணு ஸ்கூல் திறக்குது?" என்று கேட்டாள்.

"தெரியல சித்தி. இனிமேதான் ஸ்கூல் தேடணும். அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. நாங்க திரும்பிப் போகல" என்றாள் மகள். உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

சகலையின் கை தட்டிலேயே நின்றது. தங்கச்சி சிரித்தாள். "சும்மா விளையாடறா." யாரும் கூடச் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள். சகலை, "நல்ல முடிவுதான்" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். தங்கச்சி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். மனைவி பின்னாலேயே போனபோது, "பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

காரைவிட சேதி வேகமாகப் போயிற்று. மறுநாள் காலையில் டீ வருவதற்கு முன்னால் அண்ணனின் ஃபோன் வந்தது, ஞாயிற்றுக்கிழமை கூட இல்லை.

"என்னடா இது? ரெண்டு நாள் இருந்தியே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன்ணே."

"சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த அண்ணன், சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தேடினார். கிடைக்கவில்லை. "சரி, பனி ஜாஸ்தி. பாத்து ஓட்டு" என்று வைத்துவிட்டார்.

கிளம்பும்போது டாட்டா காட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள் யாரும் வரவில்லை. நாக்கைப் பற்றி மனைவி கேட்ட கேள்வியைக் காரில் அவளிடமே திருப்பிக் கேட்க ஃபிரிட்ஜ்காரருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் கேட்கவில்லை. தன் வாழ்நாளில் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று பிற்பாடு சொல்வார்.

மனைவி ஜன்னலிலிருந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குளிர்காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது.

"நான் சொன்னது தப்பாப்பா?" என்றாள் மகள்.

"இல்லம்மா. யாராவது சொல்லித்தானே ஆகணும்."

"நீங்க ரெண்டு பேரும் சொல்ற மாதிரி தெரியல."

மிச்சம் இருந்தது அக்கா வீடு. "உங்க அக்கா ஒரு நாளும் நம்மள கூப்பிட்டதே இல்லயே. அங்க எதுக்கு?" என்றாள் மனைவி.

"கூப்பிடாதவங்க வீட்டுல ஏமாறவும் முடியாதுல்ல."

மலைப்பாதையைப் பனி மூடியிருந்ததால், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். லாண்டரி வாசலில் வண்டி நின்றதும் அக்கா வெளியே வந்தாள். கொண்டையில் ஒரு பென்சில். கையில் தலையணை உறைக்கட்டு.

"வந்தாச்சா. அண்ணன் சொன்னான். காரை அந்தப் பக்கம் போடு, ஹோட்டல் வேன் வரும்." மகளைப் பார்த்தாள். "நல்லா வளந்துட்டா. சாப்பாடு உள்ள இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க. எனக்கு லோடு அனுப்பணும்."

அவ்வளவுதான் வரவேற்பு. சாப்பிட்டுவிட்டு இஸ்திரி போடுகிற அறைக்கு வந்தார்கள். ஊரில் இறங்கினதிலிருந்து அவர்கள் உடம்பு சூடானது அங்கேதான். மகள் துவைத்துக் குவித்திருந்த படுக்கை விரிப்புகளின் மேல் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வேலை செய்கிற பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பாய்லர் மக்கர் பண்ணுது. மெக்கானிக் இதோ வரேன், அதோ வரேன்னுட்டு இருக்கான். நீ கொஞ்சம் பாரு" என்றாள் அக்கா.

"எனக்குக் குளிர் மெஷின்தான்க்கா தெரியும்."

"எல்லாத்துக்கும் ஒரே ஸ்பேனர்தானே."

ஒரே ஸ்பேனர்தான். ஆனால் அவர் திருகியது வேறு எதையோ. கையைச் சுட்டுக்கொண்டார். தரையெல்லாம் வெந்நீர். எல்லார் முன்னாலும் அக்கா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். விருந்தாளியை யாரும் இப்படித் திட்டமாட்டார்கள் என்று அவருக்கு அப்போது தோன்றியது. கோபம் வரவேண்டிய இடத்தில் ஒரு நிம்மதி வந்தது.

சாயங்காலம் வந்து சேர்ந்த மெக்கானிக், அவரைவிட பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். இவர் செய்து வைத்திருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "யாரு சார் இதைப் பண்ணது?" ஆனாலும் பைப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. இவர் பிடித்துக்கொண்டார்.

கடை சாத்தும் நேரம் அக்கா ஒரு பெரிய விரிப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று மடித்தார்கள்.

"நீ ஏன்க்கா ஒரு நாளும் என்னை வரச் சொல்லல?"

"வந்தா நீ எங்க தங்குவே, என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. அது தெரியாம எப்படிக் கூப்பிடறது? நல்லா இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது."

"இப்ப மட்டும் தெரியுமா?"

"தெரியாது. ஆனா இப்ப நீதான் வந்துட்டியே."

கடைக்குப் பின்னால் சோப்பு மூட்டை போட்டு வைத்திருந்த இரண்டு அறைகளை மறுநாள் காலி செய்தார்கள். குளிர்காலத்தில் அந்த டவுனில் பாய்லர், கீசர், ஹீட்டர் என்று எதுவாவது கெட்டுப்போய்க்கொண்டே இருக்கும். மெக்கானிக்கால் ஒண்டியாகச் சமாளிக்க முடியவில்லை. ஃபிரிட்ஜ்காரர் அவனுக்கு உதவியாளாகப் போகத் தொடங்கினார். அவன் இவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவான். மகள் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அண்ணன், "தம்பி வெளிநாட்டை உதறிட்டு வந்துட்டான்" என்று டிப்போவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. பக்கத்தில்தானே இருக்கிறான் என்று ஃபோன் செய்வதை மட்டும் குறைத்துக்கொண்டார்.

மனைவி லாண்டரி கவுண்டரில் உட்கார்ந்தாள். வந்த மாதமே அவளுக்கும் நாத்தனாருக்கும் தலையணை உறையை மூன்றாக மடிப்பதா நான்காக மடிப்பதா என்று சண்டை வந்தது. இன்றுவரை தீரவில்லை. சண்டை முற்றினால் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். "உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்று இவளும், "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்று அவளும் ஃபிரிட்ஜ்காரர் வழியாகவே தகராறை நடத்துவார்கள். போன வாரம் அப்படி அவர் ஒரு உறையைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றபோது, வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. "வழியில நிக்காதே" என்று ஒருத்தியும், "வழியில நிக்காதீங்க" என்று இன்னொருத்தியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் நகர்ந்துகொண்டார்.