வயல்பாதையில் நடந்தவர்கள்

நான் இப்போது வாழும் ஊஸ்டர் நகரின் காட்டோரம் இன்று காட்டுப்பூண்டு மணத்தது. பத்து வயதில் நான் வாழ்ந்த, இப்போது நகரம் விழுங்கிவிட்ட ஆங்கிலேயக் கிராமத்திலும் இதே மணம்தான். கம்பிவேலியில் ஆட்டுமயிர் சிக்கிக் கிடக்க, பல தலைமுறைகளாக ஊரார் தேவாலயத்துக்கும், பின்னர் நான் பள்ளிக்கும் நடந்த வயல்பாதையை, யாருமே நடப்பதில்லை என்று சொல்லிப் புதிய நிலக்காரர் கதவு போட்டுப் பூட்டினார். நடந்தால்தான் பாதை ஊருக்குச் சொந்தம் என்பது அங்குள்ள வழக்கம்.

ஊர்க்கூட்டத்துக்கு என் நாட்குறிப்பைக் கொண்டுபோனேன்.

"தும்மினாலும் எழுதி வைப்பாள் இவள்," என்று அப்பா சிரித்தார். "வாசி பிள்ளை, ஒரு நாளையும் விடாதை."

பாதையில் கண்டவர்களின் பெயர்களை நாள்வாரியாக வாசித்தேன். பெயர் வரவர ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மார்ச் மாதத்தை வாசித்து முடித்தபோது நிலக்காரர் மட்டுமே உட்கார்ந்திருந்தார். அவர் சாவியை மேசையில் வைத்தார்.