அக்காவுக்காக அனுப்பிய திருத்தம்

என் அக்காவுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு, ராயபுரத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் தமிழில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நேரம் பார்த்து மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. அதன்பின் ‘போ’ என்பதை ‘பே’ என்றும், ‘கொடு’ என்பதை ‘கெடு’ என்றும் அது வாசித்தது. அக்கா ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகக் கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேலை தேங்கியது.

“மாசக் கடைசி வரிக்கும் பாப்பாராம்டா மேனேஜரு. அப்பால வராதன்னு சொல்லிட்டாரு” என்றாள்.

பழைய பதிப்புக்குத் திரும்ப அலுவலகம் சம்மதிக்கவில்லை. நானே திருத்திக் கொடுத்தாலும் கணினியில் ஏற்ற மாட்டார்களாம். திருத்திய பதிப்பு முறைப்படி வெளியானால்தான் உண்டு.

நான் மணலியில் ஒரு தொழிற்சாலைக்கு நிரல் எழுதுபவன். அந்த மென்பொருள் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். மின்னஞ்சல் குழுவில் மற்றவர்கள் பரிசீலித்து ஏற்பார்கள். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். ‘மிக அவசரம்’ என்று தலைப்பிட்டு, சிவப்பு எழுத்தில் விளக்கி, திரையைப் படமெடுத்து இணைத்து அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடியும். கடைசியில், பரிசீலிப்பவர்களில் ஒருவருக்குத் தனியாகவே எழுதிக் கெஞ்சினேன்.

“எனக்குத் தனியே எழுதாதீர்கள். விதிகளைப் படித்துவிட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள்” என்று பதில் வந்தது.

படித்தேன். வெறும் எழுத்தில் மட்டுமே அனுப்ப வேண்டும். வண்ணமும் இணைப்பும் உள்ள அஞ்சல்களைக் குழுவின் சர்வரே எறிந்துவிடும். அத்தனை நாள் நான் அனுப்பிய எதுவும் ஒருவரையும் போய்ச் சேரவில்லை.

முறைப்படி அனுப்பியதும் அதே மனிதர் குழுவில் கேட்டார்: “இதைச் சோதித்துப் பார்க்கும் நிரல் எங்கே?” எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவின் வேலை போகப்போவதை மேலே கொட்டி, பழைய அஞ்சல்கள் மொத்தத்தையும் கீழே தொங்கவிட்டு ஒரு பதில் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அக்கா தன் காதொலிப்பானில் கேட்டாள். பாதியிலேயே கழற்றிவிட்டாள்.

“இன்னாடா இது? எந்தக் கேள்விக்கு எந்தப் பதில்னே தெரியல. பழசெல்லாம் மறுபடி மறுபடி படிச்சிக்கினே கீது.”

“அதெல்லாம் கண்டுக்காம தாண்டிப் போவாங்கக்கா.”

“கண்ணு கீறவங்க தாண்டுவாங்க. இது நம்மள மாதிரி ஆளுங்களுக்கான சாப்ட்வேருடா. அந்தாளும் காதாலதான் படிக்கிறாரோ இன்னாவோ.”

எனக்கு அது தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கீழே பதிலை எழுதினேன். பிழையாக வாசித்த சொற்களை அக்கா சொல்லச் சொல்ல, சோதனை நிரலை எழுதி அனுப்பினேன்.

“ஏற்கப்பட்டது. அடுத்த பதிப்பில் வரும். நன்றி” என்று பதில் வந்தபோது மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மேனேஜரிடம் அந்த அஞ்சலைக் காட்டி அவகாசம் கேட்டேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை; அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டதாம்.

திருவொற்றியூர் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றோம். இறங்கும்போது அக்கா, “நீ இன்னாடா பண்ணுவ” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

புதிய பதிப்பு சொன்னபடி வந்தது. அக்கா இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.