பக்கத்து வீட்டுத் தாய்வீடு

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். மண் அள்ளும் இயந்திரங்களைப் பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்று தேடினார்கள். மலாயாவில் ஈயச் சுரங்கத்தில் அதே வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், இரண்டு வருடத்துக்கு என்று பேசிக்கொண்டு, கல்யாணமாகி நாலு மாதமே ஆன மனைவியோடு கப்பலேறி வந்தேன். நாங்கள் இருவரும் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர்கள். என் தாத்தா பாரூர் ஏரிக்கரையிலிருந்து போனவராம். அதனால் பார்த்தவர்கள் எல்லாம், "சொந்த ஊருக்கு வந்துட்டீங்க" என்று சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சொந்த ஊரில் தபாலாபீசுக்குப் போக நான் மூன்று பேரிடம் வழி கேட்பேன். ஒருவர் தமிழில் சொல்வார், ஒருவர் தெலுங்கில் சொல்வார், மூன்றாமவர் கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்.

வந்து சேர்ந்த சில மாதங்களில் மனைவி முழுகாமல் இருந்தாள். விஷயம் தெரிந்ததும் ஊரே ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தது. மளிகைக் கடையில், கிணற்றடியில், முடிவெட்டுகிற இடத்தில்கூட அதே கேள்வி. "தலைச்சனாச்சே, எப்ப தாய்வீட்டுக்கு அனுப்பறீங்க?"

தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வரும்போதே ஏழு நாளும் கப்பலில் தலை தூக்காமல் கிடந்தவளை, வயிற்றுப் பிள்ளையோடு திருப்பி அனுப்ப முடியாது. மாமியார் வரலாம் என்றால், மாமனார் வாதத்தில் படுத்திருந்தார். அவரை விட்டு ஒரு நாள்கூட நகர முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் மனைவி, "அம்மா இல்லாம எனக்குப் பயமா இருக்கு. பொழைப்பேனா மாட்டேனான்னு இருக்கு" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இருந்தும்தான் பயமா இருக்கு."

பத்து டன் இயந்திரம் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன் என்று அணைக்கட்டில் எனக்குப் பேர். வீட்டில் அவள் பெருமூச்சு விட்டால் விசிறியை எடுப்பதா, வெந்நீர் வைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்வேன். இரண்டுமே தப்பாக இருக்கும்.

வீட்டுக்காரம்மாதான் இதற்கு ஒரு முடிவு கட்டினார். நாங்கள் குடியிருந்த வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவர். மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம். பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். அந்த அம்மா ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து சொன்னார்: "தாய்வீடு இல்லாம ஒரு பொண்ணு புள்ள பெக்கறதா? ஒம்பதாம் மாசம் பொறந்ததும் நான் கூட்டிக்கறேன். இனிமே இதுக்கு எங்க ஊடுதான் தாய்வீடு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி, முறை என்றால் முறை என்பது எனக்குப் புரியாத வரைக்கும்தான்.

ஒன்பதாம் மாதம் ஐந்து வகைச் சோறு கட்டி, வளையல் போட்டு, மனைவியைக் கூப்பிட்டார்கள். பத்தடி தூரத்தில் அவர்கள் வாசல். நடந்து போய்விடலாமே என்றேன். "தாய்வீட்டுக்குப் போறவ நடந்தா போவா? நல்லா இருக்குதே" என்றார் அந்த அம்மா. மாட்டு வண்டி வந்தது. மனைவியை ஏற்றி, தெருவைத் தாண்டி, கோயிலைச் சுற்றி, சந்தைப் பக்கம் போய், அரை மணி நேரம் கழித்து அடுத்த வாசலில் இறக்கினார்கள். நான் என் வாசலில் நின்று வழியனுப்பி வைத்து, அதே இடத்தில் நின்றபடியே போய்ச் சேர்ந்ததையும் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் மாப்பிள்ளை. அதுவரை "என்னப்பா, சாப்ட்டியா" என்று கேட்டவர், "வாங்க மாப்ள" என்று தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். மாப்பிள்ளை நினைத்தபோது வரக்கூடாது. சட்டை மாற்றி, கையில் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக வர வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மனைவி தூணோரம் வந்து நிற்பாள். ஏப்பம் விட்டதும் நான் கிளம்ப வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல் உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிக் கொல்லைச் சுவரை எட்டிப் பார்த்தேன்.

"மாப்ள, செவுத்துமேல என்ன வேலை?" என்று வறட்டி அடுக்கின் பக்கத்திலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது.

"பல்லி ஒண்ணு..." என்றேன்.

"பல்லிக்குப் பழம் வாங்கியாந்தீங்களா?"

மனைவி உள்ளே சிரித்தது கேட்டது. பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அதற்காக இறங்கிவிட்டேன்.

வலி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கண்டது. மருத்துவச்சி வந்து உள்ளே போனார். நான் என் வீட்டில், சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் அவள் முனகியது கேட்டது. பிறகு "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாள். வெயில் ஏறியது. கூப்பிடுகிற குரல் மெலிந்துகொண்டே வந்தது. என் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொன்னாலும் நான் என்ன செய்திருப்பேன்.

வீட்டுக்காரர் வந்தார். பேச்சு குறைவான மனிதர். "வலி நீண்டுக்கினே போவுது மாப்ள. புருஷன் ஊட்ல கட்டு, முடிச்சு, பூட்டு எதுவும் இருக்கக்கூடாது. எல்லாத்தையும் அவுத்துடுங்க" என்றார்.

கடைசியில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பெட்டியைத் திறந்தேன். அரிசி மூட்டையின் கயிற்றை அவிழ்த்தேன். கொடிக்கயிறு, தலையணை உறை நாடா, என் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு எல்லாம் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் மாற்றமில்லை. அப்போதுதான் என் தொழில் புத்தி விழித்தது. மரையாணியும் ஒரு முடிச்சுதானே? ஸ்பேனரை எடுத்தேன். தையல் இயந்திரத்தைப் பிரித்தேன். கடிகாரத்தைப் பிரித்தேன். ஸ்டவ்வைப் பிரித்தேன். மிச்சம் இருந்தது சைக்கிள். செயினைக் கழற்றி, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பெடலையும் கழற்றிக் கொல்லையில் ஒரு சாக்கின்மேல் பரப்பினேன். இத்தனை நேர்த்தியாக நான் எந்த இயந்திரத்தையும் பிரித்ததில்லை.

கடைசி மரையைக் கழற்றிய கையோடு, கொல்லைச் சுவருக்கு மேலே வீட்டுக்காரம்மாவின் முகம் தெரிந்தது. உரலில் ஏறி நின்றிருக்க வேண்டும். முந்தானை தலையில் இல்லை.

"மாப்ள, கொழந்தை திரும்பல. பொண்ணு சோர்ந்துட்டா. சைக்கிள எடுத்துக்கினு ஓடிப்போய் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவக் கூட்டியாங்க."

நான் சாக்கைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கணவர் பக்கம் திரும்பி, "வண்டியப் பூட்டுங்க" என்றார்.

வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மாட்ட அவுத்து உட்டுட்டனே. ஏரிப்பக்கம் போயிருக்கும்."

நான் ஓடினேன். ஆஸ்பத்திரி மூன்று மைல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அணைக்கட்டு லாரி ஒன்றுகூட வரவில்லை. இடுப்புக் கயிறும் இல்லாததால் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். டாக்டரம்மா நான் சொன்னதில் பாதியைக் கேட்டதுமே பையை எடுத்துவிட்டார். நர்சும் அவருமாக ஜட்காவில் ஏறினார்கள். நானும் ஒரு காலை வைத்தேன். "மூணு பேருன்னா குதிரை நடக்கும், ரெண்டு பேருன்னா ஓடும். எது வேணும்?" என்றார் வண்டிக்காரர். நான் காலை எடுத்தேன்.

வண்டி கண்ணுக்கு மறைந்தது. பின்னாலேயே ஓடினேன், அப்புறம் நடந்தேன், ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு மறுபடி ஓடினேன். அந்த மூன்று மைலும் எனக்கு ஒரே நினைப்பு: மாமியாருக்கு நான் என்ன எழுதுவேன்?

வாசலுக்கு வந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஆயுதம் போட்டு எடுத்தார்களாம். பெண் குழந்தை. டாக்டரம்மாவுக்கு எங்கள் முறையெல்லாம் தெரியாது. "புருஷன் நீங்கதானே, உள்ள வந்து பாருங்க" என்றார். யாரும் தடுக்கவில்லை.

மனைவி வெளுத்துக் கிடந்தாள். கண்ணைத் திறந்து, "அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரம்மா அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "உங்கம்மா தொலைவுல இருக்காங்க கண்ணு. வர முடியல. என்னப் புடிச்சுக்கோ."

அவள் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலுக்கு மறுபக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன், குழந்தையையாவது தருவார்கள் என்று. நர்ஸ் என் கையைப் பார்த்தாள். முழங்கை வரை செயின் கிரீஸ்.

"மொதல்ல கைய கழுவிட்டு வாங்க மாப்ள" என்றார் வீட்டுக்காரம்மா.

கிணற்றடிக்குப் போனேன். கிரீஸ் தண்ணீரில் போகாது. சீயக்காய் போட்டேன், சாம்பல் போட்டேன், செங்கல்லால் தேய்த்தேன். உள்ளே குழந்தை அழுவதும், யாரோ சமாதானம் சொல்வதும், பிறகு அழுகை நிற்பதும் கேட்டது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.