ஈர விறகும் பெரிய மனிதர்களும்

தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போய் மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எஹலியகொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு டவுன் முதலாளி ஒருவர்தான் விறகு கொடுத்துவந்தார். ஈர விறகை அனுப்புவார். அதையும் நடுவில் பொந்து விட்டு அடுக்கி அளவைக் கூட்டிக் காட்டுவார். இது தோட்டத்து மானேஜர் துரைக்கும் தெரியும். பண்டிகை தவறாமல் துரையின் பங்களாவுக்கு முதலாளி பரிசுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்புவது அதைவிட நன்றாகத் தெரியும்.

நான் அப்போது அதே தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். கணவர் வாடகை லொறி ஓட்டினார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்கள் பழைய ரப்பர் மரங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் ஆட்கள் நல்ல மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளைகளைப் போட்டுவிட்டுப் போவதில் அவர்களுக்குக் கோபம். நிலத்தைச் சுத்தமாக்கித் தருகிறேன் என்று சிங்களத்தில் பேசினேன். மரம் கிடைத்தது. ஆறு மாதம் பிளந்து, காலியாகக் கிடந்த கோழிக் கொட்டகையில் அடுக்கி உலர வைத்தோம்.

தொழிற்சாலைக்கு எங்கள் விறகை வாங்கச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர் துரையிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பிப் போனேன். தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் மேல் பாசம் பொங்குகிற மனிதர்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வம்பு? காண்ட்ராக்ட என் பேர்ல எழுதிக்குவோம். ஒங்களுக்கு ஏதாச்சும் பாத்துக் குடுக்குறேன்."

"அப்ப வெறகும் நீங்களே பொளப்பீங்களா தலைவரே?"

அதோடு அவர் நாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் வருவதை நிறுத்தினார். எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

துரையைப் பார்க்க ஆபீஸ் வாசலில் மூன்று நாள் நின்றோம். கடைசியில் உள்ளே கூப்பிட்டவர், நான் அந்த அறையில் இல்லாததுபோல என் கணவரிடமே பேசினார்.

"ஒம் பொண்டாட்டிக்கு பால் வெட்டுற வேல இல்லியா?"

"வெறகு அவளோடதுங்க தொர. அவகிட்டயே கேளுங்க."

கேட்கவில்லை. கையை வீசி எங்களை வெளியே அனுப்பினார்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. முதலாளியின் விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. பறித்த கொழுந்து காயாமல் கெட்டுப்போனது. தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் எங்களுக்கு ஆள் அனுப்பினார். ஒரு லொறி விறகைக் கொண்டுபோய் இறக்கினோம். மத்தியானத்துக்குள் அடுப்பு சீராக எரிந்தது. அன்றைக்குத்தான் துரையின் கண்ணுக்கு நான் தெரிந்தேன்.

"சரி, முதலாளி வெலையில பாதிக்குக் குடு. நீ தோட்டத்து ஆள்தானே."

தோட்டத்து ஆள் வெட்டும் மரம் பாதிதான் எரியும் என்று நினைத்தாரோ என்னவோ.

"அவருக்குக் குடுக்குற வெலையே எனக்கும் குடுங்க. எறக்குற அன்னைக்கே எங்க கண்ணு முன்னாடி அளக்கணும். ஈரமா இருந்தா திருப்பி அனுப்புங்க. ஒரு வருசத்துக்குன்னு எழுதிக் குடுக்கணும்."

"எழுதியா? என் வார்த்த போதாதா?"

"ஒங்க வார்த்தைய அன்னைக்கு ஆபீஸ்லயே கேட்டேனுங்க."

டீமேக்கர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துரை முக்கால் விலைக்கு ஏறினார். முழு விலை என்றே நின்றேன். வெளியே மழை விடவில்லை. தொழிற்சாலை மாடியில் கொழுந்து குவிந்து கிடந்தது. மிச்ச விறகு என் கொட்டகையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முழு விலைக்கும் வந்தார்.

சிங்களத்தில் டைப் அடித்த தாளை நீட்டி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியையும் தள்ளினார். நான் வாசிக்கத் தொடங்கினேன். பஸ் போர்டுகளையும் பழைய பேப்பர்களையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்ற சிங்களம்.

"ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியுங்க. அளக்குறதப் பத்தி இதுல ஒண்ணும் இல்லியே."

அவர் முகம் கொஞ்சம் சிவந்தது. அவ்வளவு படித்தவர், ஒரு பால் வெட்டுக்காரியை ஏமாற்ற அவருக்குத் தோன்றிய வழி இதுதான். அளக்கிற விஷயத்தையும் சேர்த்து மறுபடி டைப் அடித்து வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் கோயில் திருவிழாவில் தலைவர் மைக்கைப் பிடித்து, "நம்ம தோட்டத்துப் பொண்ணுக்கு இந்தக் காண்ட்ராக்ட போராடி வாங்கிக் குடுத்தது நம்ம சங்கம்" என்று முழங்கினார். சனம் கை தட்டியது. கணவர் எழப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த ஆளுக்குப் பதில் சொல்வதே அவருக்குக் கொடுக்கிற மரியாதை. அதற்குக்கூட அவர் லாயக்கில்லை.