கதவு திறக்கிறவர்

லண்டனிலிருந்து வந்த மாமா, நெடுந்தீவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி நிறையப் பழைய ஆங்கிலப் படச் சீடிகள் கொண்டுவந்தார். படங்கள் பேசத் தொடங்கிய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றைப் பார்த்தால் நான் ஆங்கிலம் பழகிவிடுவேன் என்பது அவர் கணக்கு. ஆங்கிலம் பழகவில்லை. நானும் பெரியம்மாவும் ஓர் ஆளைப் பழகிக்கொண்டோம்.

நெட்டையான, நீண்ட மூக்குள்ள மனிதர். ஒரு படத்தில் பிரபு வீட்டுக் கதவைத் திறப்பார். இன்னொன்றில் பொலிஸ்காரர், வேறொன்றில் குடிகாரப் பாதிரியார். கதாநாயகன் ஆனதே இல்லை. படம் தொடங்கியதும், "எங்கை எங்கடை ஆள்?" என்று பெரியம்மா தேடுவார். அந்த ஆள் வந்து நாலு வசனம் பேசிவிட்டுப் போனபிறகு, மற்றவர்கள் காதலிப்பதில் எங்களுக்கு அக்கறை இருக்காது. இங்கிலாந்தில் மேடை நாடகம் நடித்துத் திரிந்தவர், படம் பேசத் தொடங்கியதும் குரலுக்காகவே அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அழைக்கப்பட்டவர் என்பதெல்லாம் வளர்ந்தபின் நான் தேடிப் படித்தது.

பெரியப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்டு அது. வள்ளம் கரையொதுங்கியது, ஆள் கிடைக்கவில்லை. பங்குச்சுவாமி வந்து, இறந்தவர்களுக்கு வைக்கும் ஆத்துமப் பூசை பற்றிக் கதைத்தபோது, "ஆளைக் காணாமல் எப்பிடிச் சுவாமி?" என்று பெரியம்மா மறுத்துவிட்டார்.

ஒரு பின்னேரம் பார்த்த படத்தில் எங்கள் ஆளைச் சுட்டுவிட்டார்கள். மாடிப்படியில் உருண்டு, கண் மூடாமல் கிடந்தார். பெரியம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். சாப்பிடவும் இல்லை.

"நடிப்புத்தானே அக்கா" என்றார் அம்மா.

"எனக்குத் தெரியாதோ?" என்றார் பெரியம்மா.

அடுத்த நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்காத சீடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு படத்தில் பெரிய கதவொன்று திறந்தது. தலை நரைத்து, கையில் தட்டத்தோடு, அவர்.

"பெரியம்மா, ஓடி வாங்கோ! ஆள் சாகேல்லை!"

மீன் வெட்டிய கையோடு ஓடி வந்தார். திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். அப்படி அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக் கனகாலம். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பிள்ளை, இது பிந்தி எடுத்த படமோ? இல்லாட்டி நேற்றுப் பாத்ததுதான் பிந்தினதோ?"

"ரெண்டும் பழசுதானே பெரியம்மா" என்றேன்.

அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் என்ன பதில் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.