கோயிலில் ஆடுகிறவர்

காலையில் மருமகள் அடுப்படியிலிருந்து "கார்த்தி, காபி ஆறுது" என்று கூப்பிட்டாள். கார்த்தி என் மகன். கட்டின புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் குறைபட்டுக்கொள்ளாத நாளில்லை. நான் அவளைக் கண்டித்ததில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில்தான் ஆரம்பிக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவது தாண்டாதவன். லாரி ஷெட்டில் கிரீஸ் துடைத்தேன். அப்புறம் எஸ்.டி.டி. பூத், அப்புறம் ஜெராக்ஸ் கடை. கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர். அந்தத் தெருவிலேயே முதல் ஏ.சி. என்னுடையதுதான், சந்தேகமிருந்தால் யாரையும் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் சூடான ஜெராக்ஸ் தாளின் வாசனை வந்தால் எனக்கு நெஞ்சு தானாக நிமிரும். டிகிரி படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்கினார்கள் ஐயா. அதில் ஒருத்தி ஸ்டெல்லா. திருப்பாதிரிப்புலியூர்ப் பெண், ரயில்வேக்காரர் மகள். சார் என்று கூப்பிடாதே, முதுகு அரிக்கிறது என்று நான் சொன்னதிலிருந்து மாமா என்றே கூப்பிட்டாள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம் கொள்ளிடம் பெருகிவிட்டது. குமராட்சிப் பக்கம் வயல் எது, ஆறு எது என்று தெரியவில்லை. படகில் ஏற்றியவர்களைக் கிடைத்த இடத்தில் இறக்கினார்கள். பெண்டாட்டி சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், அடிபட்ட புருஷன் கடலூரில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் என்று ஆளுக்கொரு திக்கில் கிடந்தார்கள். வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த ஒரு குழு இரண்டு பட்டியல் எடுத்து வைத்திருந்தது. முகாமில் இருப்பவர்கள் ஒன்று, ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்து யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல வேண்டும். கடலூரில் இதைச் செய்ய ஆளிருக்கிறதா என்று கேட்டார்கள். ஆள் இல்லாமலா, நான் இருக்கிறேன் என்றேன். அதற்கான எஸ்.க்யூ.எல். என்கிற கம்ப்யூட்டர் பாஷை என்னவென்றே அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாத வேலையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு கற்றுக்கொள்வது என் தொழில் தர்மம். அப்படித்தான் மேலே வந்தேன்.

ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு பட்டியலும் ஒரு டேபிள். முகாம் டேபிளில் 'கணவர் பெயர்' என்ற கட்டமும், ஆஸ்பத்திரி டேபிளில் 'பெயர்' என்ற கட்டமும் ஒன்றாக இருந்தால் இரண்டு வரியையும் ஒட்டிக் கொடு என்று கேட்க வேண்டும். அதற்குப் பேர் ஜாயின். நானே ஒற்றை விரலால் தட்டினேன். வரிகள் ஜோடி ஜோடியாக வந்து விழுந்தன. குழுவினர் ஆள் விட்டுச் சரிபார்த்தார்கள். சிதம்பரம் மண்டபத்துச் சுவரில் பட்டியலை நானே போய் ஒட்டினேன். பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எட்டாவது படித்தவனுக்கு அது போதாதா?

அந்த மண்டபத்தின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பினாயில், ஈரத்துணி, ரசம். அங்கேதான் அஞ்சலையைப் பார்த்தேன். நாற்பது வயசிருக்கும், கூலிவேலைக்குப் போகிறவள், பிள்ளையில்லை. அவள் ஊர்க்காரர்கள் ஒருத்தரும் அந்த மண்டபத்தில் இல்லை. படிக்கத் தெரியாததால் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அவுங்க சேதி எதுனா இருக்குதா பாருங்க."

பார்த்தேன். புருஷன் சேதி இருக்கட்டும், அஞ்சலை என்ற பேரே எங்கும் இல்லை. முகாமில் கண்ணெதிரே நிற்கிறவள் நாங்கள் ஒட்டிய பட்டியலிலிருந்து எப்படிக் காணாமல் போவாள்? சென்டருக்குத் திரும்பி ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"நாம போட்டது இன்னர் ஜாயின் மாமா. ரெண்டு பக்கமும் ஒத்துப்போனாதான் வரும். ஒத்துப்போவாதவுங்கள அது காட்டவே காட்டாது."

"அதாவது, ஜோடியா வந்தாதான் இலை போடுவேன்றான்."

"ஆமா மாமா. லெஃப்ட் ஜாயின் போட்டா, தனியா வந்தவுங்களுக்கும் இலை போடும். பக்கத்து இலை காலியா இருக்கும், அவ்ளோதான்."

போட்டோம். தனியாய் வந்தவர்களெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் எல்லாருக்கும் காலி இலை. அதுவரை இத்தனை பேர் திரைக்குப் பின்னால் பசியோடு நின்றிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குள் அஞ்சலையும் இருந்தாள். கணவர் பெயர் கட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததை எதோடும் சேர்க்க முடியாது, இன்னொரு ஒன்றுமில்லாததோடுகூடச் சேராது என்றாள் ஸ்டெல்லா. ஆனால் கணவர் தொழில் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: கோயிலில் நடனம்.

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். குமராட்சிக் கூலிக்காரர் எந்தக் கோயிலில் போய் ஆடினார்? "சலங்க கட்டி ஆடுவாரோ மாமா?" என்றாள் அவள்.

பாதிச் சிரிப்பில் எனக்கு என் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. கேஸ் சிலிண்டர்காரர் வந்து வீட்டுக்காரர் பேர் கேட்டால் "பழனியில நிக்கிறாரே, அவரு பேருதான்" என்பாள். என் பேரை அவள் வாயால் கேட்டதே இல்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். அஞ்சலையும் சிதம்பரத்தில் இருந்துகொண்டு கோபுரத்தைக் காட்டியிருக்கிறாள், கோயிலில் ஆடுறவரு என்று. அதை எழுதிக்கொண்ட குழுப் பையன் பெங்களூரில் வளர்ந்த தமிழன். தொழில் என்று நினைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி டேபிளில் தேடினோம். நடராஜன். சுவர் விழுந்து அடி. ஊர் தெரியவில்லை. சிகிச்சையில்.

கண்டுபிடித்தது நான்தான். இதை இப்போதும் சொல்வேன். உடனே வேன் எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனோம். ஸ்டெல்லாவும் வந்தாள். அஞ்சலையை ஏற்றிக்கொண்டு கடலூர் திரும்பும் வழியெல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் முளைவிட்ட நெல் நாறியது. "நல்லா இருக்காங்களா அண்ணே?" என்று ஒரே தடவை கேட்டாள். சிகிச்சையில் இருக்கிறார் என்று, பட்டியலில் இருந்ததைச் சொன்னேன். அது முந்தின நாள் பட்டியல். அன்று விடியற்காலையிலேயே அவர் போய்விட்டிருந்தார்.

பிணவறை வாசலில் இருந்தவர் நல்ல மனுஷர். ஆனாலும் அவருக்கு முறை இருக்கிறதல்லவா. நான் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்தினார்.

"நீங்க சொல்லக் கூடாது சார். அவுங்க சொல்லணும். யாரும்மா இது, பேரச் சொல்லு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்டெல்லா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "இனிமே சொல்லலாம்க்கா" என்றாள்.

"நடராசன்."

அவர் எழுதிக்கொண்டு விலகினார். அஞ்சலை உள்ளே போய்க் குனிந்து, முகத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்புகிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நாங்களும் நின்றோம்.

அந்தக் கல்யாண மண்டபத்தை இடித்துவிட்டார்கள். என் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஸ்டெல்லா கல்யாணமாகிக் கனடாவில் இருக்கிறாள். என் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாள், கடைசிவரை பழனியைக் காட்டிக்கொண்டே. கோயிலைக் காட்டிப் புருஷன் பேரைச் சொல்கிற பெண் யாரும் இப்போது என் கண்ணில் படுவதில்லை.

இதோ, மருமகள் மறுபடி கூப்பிடுகிறாள். "கார்த்தி." உள்ளறையிலிருந்து என் மகன் தூக்கக் கலக்கத்தில் "ம்ம்" என்கிறான்.