குசும்புக் கணக்கு

என் மகள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம், நான் அதைக் கவனிக்காததுபோல இருந்தேன். இரண்டாவது வாரம் மதிலுக்கு அப்பாலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. கணக்குப் போடும்போது சிரிப்பு எதற்கு? பக்கத்து வீட்டில் இருப்பவள் என் கணவரின் தம்பி மனைவி. டிகிரி படித்தவள். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

தப்பு என்னுடையதுதான் என்றும் தெரியும். எட்டாம் வகுப்பு தொடங்கிய புதிதில், மைனஸ் மூன்றை மைனஸ் நான்கால் பெருக்கினால் என்ன வரும் என்று மகள் என்னிடம் கேட்டாள். வெங்காயம் நறுக்கியபடி, மைனஸ் பன்னிரண்டு என்றேன்.

"ரெண்டும் குறைஞ்சதுதானே மக்ளே, பின்ன எப்படிக் கூடும்?"

அப்படியே எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அப்போதும் நான் விடவில்லை. டீச்சருக்குத்தான் பிசகியிருக்கும் என்றேன். மறுநாளே நோட்டு மதில் தாண்டியது.

நான் பிறந்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில்; படித்தது தமிழில். இந்தப் பக்கம் கேரளத்தில் மகள் படிப்பது மலையாளத்தில். கழித்தல் என்று நான் சொன்னால் அவளுக்கு அது சாப்பிடுவது. சின்ன வயதில், "பத்துல மூணு கழிச்சா மிச்சம் என்ன?" என்று கேட்டால், "மூணையும் யாரு கழிச்சது?" என்று என் வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பு என்னுடையதாக இருந்தது. இப்போது அதை இன்னொருத்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்து படிச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அம்மைக்குக் குசும்பு," என்றாள்.

தமிழில் குசும்பு என்றால் குறும்பு. மலையாளத்தில் அது பொறாமை. அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். குறும்பு என்று எடுத்துக்கொண்டதுபோலச் சிரித்துவைத்தேன்.

அதைவிட நான் பயந்த வாக்கியம் வேறு. அம்மைக்கு ஒண்ணும் அறிஞ்சூடா. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அதை அவள் வாயால் கேட்பதற்குள் கணக்கைப் படித்து, அவளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

பரணிலிருந்து அவளுடைய பழைய பாடப்புத்தகங்களை இறக்கினேன். எந்த இடத்தில் கணக்கைக் கைவிட்டேன் என்று எனக்கே தெரியாததால் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன். உதியன்குளங்கரையில் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரையில் நான் வேலை செய்யும் தையல் கடை வரும்வரை படிப்பு. பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி, "மோள் மூணாங்கிளாஸா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சில மாதம் கழித்து அதே பெண் என் கையில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னத்தில் ஒரு சந்தோஷம் கிடைத்தது. முக்கால் இஞ்சில் பாதி வேண்டுமென்றால் இத்தனை வருஷமும் டேப்பை மடித்துத்தான் பார்ப்பேன். மூன்றின் கீழே எட்டு என்றது புத்தகம். மடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கடையில் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான்.

எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு வந்து, மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று எனக்கு ஒருவழியாகப் புரிந்தபோது, மகள் வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை, பாத்திரம் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். இரண்டு பேர் முன்னாலும் அதைச் சொல்லிக் காட்டி, மகளைக் கையோடு கூட்டிவருவதாகத் திட்டம். சமையலறை வாசலில் என் கால் நின்றுவிட்டது. உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கேட்கிறாள்:

"ரெண்டும் குறைஞ்சதுதானே மக்ளே, பின்ன எப்படிக் கூடும்?"

என் வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. நான் அதைத் தீர்ப்பாகச் சொன்னேன், அவள் கேள்வியாகக் கேட்டாள். "சித்தி இங்க நோக்கு," என்று என் மகள் வரிவரியாக எழுதிக் காட்டினாள். மைனஸ் நான்கை மூன்று தடவை எடுத்தால் மைனஸ் பன்னிரண்டு, இரண்டு தடவை மைனஸ் எட்டு, ஒரு தடவை மைனஸ் நான்கு, பூஜ்யம் தடவை பூஜ்யம். "ஒவ்வொரு வரிக்கும் நாலு கூடிட்டே வருதுல்லா? அப்போ அடுத்தது, மைனஸ் ஒரு தடவை?"

அதற்குள் மீன் வெட்டியவள் என்னைப் பார்த்துவிட்டாள். "வாங்க அக்கா. எனக்குக் கணக்கு அண்ணும் இல்ல, இண்ணும் இல்ல. பத்துல தட்டிமுட்டி ஜெயிச்சதாக்கும். பின்ன டிகிரிக்குப் படிச்சது மலையாளம். இவ சொல்லித் தருவா, நான் கேட்டுட்டு இருப்பேன்."

பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தேன். படித்ததை எல்லாம் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் மகளைக் கூப்பிட்டேன். "இந்த மைனஸ் எனக்குப் புரியல்ல மக்ளே." தெரியாதபோது தெரியும் என்று சாதித்தவள், தெரிந்த பிறகு சொன்ன பொய் அது. சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் ஒரு மைனஸை விட்டுவிட்டாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, வாயைத் திறக்கவில்லை. அவளே கண்டுபிடித்துப் போட்டாள்.

மதிலுக்கு அப்பாலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது.

"இண்ணு வரல்ல சித்தி," என்று மகள் திருப்பிக் கத்தினாள். "அம்மைக்கு ஒண்ணும் அறிஞ்சூடா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு சித்தி உள்ளே போகும் சத்தம் கேட்டது. கர்த்தர் மன்னிக்கட்டும், அவளுக்குக் குசும்பாக இருக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன்.